கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஊர் எந்த மாதம் என்ன செய்ய வேண்டும்?

மானாவாரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஆறு முதல் பத்து வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று. அதைச் சுற்றி நான்கைந்து தொடக்கப் பள்ளிகள், ஒரு நடுநிலைப் பள்ளி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ஊரில் யாருக்காவது பள்ளிமேல் அக்கறை வந்தால் சுவருக்கு வெள்ளை, வாசலுக்கு வளைவு, நான்கு மின்விசிறி என்று வேலை முடிந்துவிடுகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே பள்ளியில் ஆண்டுக்காண்டு பிள்ளைகள் குறைகிறார்கள், கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார், ஒன்பதாம் வகுப்போடு சில பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். இதைத் தடுக்க ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய வேலை எது, எந்த மாதத்தில், யாரிடம் போய்? பள்ளி மேலாண்மைக் குழுவில் (பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிக் குழு) இருப்பவர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், ஊராட்சியில் வேலை பார்ப்பவர்கள் எழுதுங்கள்.

பழைய பதிவேடு

ஆகஸ்ட் 1. ஊர் மனதில் வைக்க வேண்டிய முதல் தேதி இதுதான். அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற முடிவு, நடக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர், ஒன்பது பத்துக்கு 40 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. எண்ணிக்கை இறங்கினால் ஒரு பணியிடம் உபரி என்று ஆகும், அந்த ஆசிரியர் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். பிறகு மனு கொடுத்துப் பயனில்லை, அடுத்த ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும். "நல்ல வாத்தியாரை மாற்றிவிட்டார்கள்" என்று செப்டம்பரில் வருத்தப்படும் ஊர், ஜூன் மாதம் தெருவில் இறங்கியிருக்க வேண்டும்.

வேலை இப்படி:

ஏப்ரல் கடைசியில் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலையும் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பட்டியலையும் தலைமையாசிரியர்கள் வழியாக வாங்குங்கள். பெயர், பெற்றோர் பெயர், தெரு, கைபேசி எண் போதும். அதைத் தெருவாரியாகப் பிரித்து, அந்தந்தத் தெருவில் இருக்கும் மேலாண்மைக் குழு உறுப்பினரிடம் கொடுங்கள். மே மாதம் முதல் வாரம் ஒரு நடை, பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பு இன்னொரு நடை. முதல் நடையில் "எங்கே சேர்க்கப் போகிறீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்வது மட்டும்தான் வேலை. அங்கேயே வாதாடினால் இரண்டாவது முறை கதவு திறக்காது.

பள்ளி திறந்து பத்து நாள் ஆனதும் எமிஸ் இணையதளத்தில் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பாருங்கள். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும், பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூன் கடைசியிலும் ஒரு பெயர் தொகுப்பிலேயே கிடக்கிறது என்றால், அந்தப் பிள்ளை இன்னும் எங்கும் சேரவில்லை என்று பொருள். தேட வேண்டிய பிள்ளைகள் இவர்கள்தான். பட்டியல் பெரும்பாலும் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்காது, ஒரு வாரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

கிளுவை வேலி

ஐயா சொன்ன பொதுத் தொகுப்பைத் தலைமையாசிரியர் உள்நுழைவில்தான் பார்க்க முடியும். குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் கேட்டால் பெயர்களை எடுத்துச் சொல்வார். கேட்க வேண்டியது ஜூன் கூட்டத்தில். ஆகஸ்டில் கேட்டுப் பயனில்லை.

ஏரிக்கரை

நடந்து போய்க் கேட்பது சரி. ஆனால் ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்போது என்ன சொல்லிப் பெற்றோரை நிறுத்துவது? "நம்ம பள்ளி நல்ல பள்ளி" என்பது எடுபடாது. பிள்ளை என்னென்ன உரிமையை இழக்கிறது என்று ஒரே தாளில் எழுதி, தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இடையில் இரண்டே ஆண்டு கட்டணப் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் இந்த உரிமை போய்விடும். இது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் தொடங்கியது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ படிக்கும் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். இதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்ச்சி பெற்ற பிள்ளையை "ஒன்பதாவது நல்ல பள்ளியில் படிக்கட்டும்" என்று தனியார் பள்ளியில் போட்டால் உதவித்தொகை அங்கேயே நின்றுவிடும். அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் தொடர்ந்தால்தான் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. ஒவ்வொரு மாவட்டத்திலும் 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், தொகை சிறியது. ஆனால் நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள் இதில் போட்டியிட முடியாது. நம் பிள்ளைகளுக்கென்றே உள்ள தேர்வு. ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்று வருவாய்த் துறைச் சான்று வேண்டும். விண்ணப்பம் வந்த பிறகு சான்றுக்கு அலைந்தால் கடைசி நாள் தாண்டிவிடும். ஜூலையிலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்வாரம்

ஏரிக்கரை அண்ணா சொன்னதெல்லாம் கணக்குப் போட்டு முடிவெடுக்கும் வீடுகளுக்குப் பொருந்தும். எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளையை நிறுத்தும் வீட்டில் பேச்சு வேறு. அங்கே இரண்டு கேள்விதான். பள்ளியில் கழிப்பறை இருக்கிறதா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள். இந்த இரண்டையும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இவை கூட்டங்களில் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகின்றன.

கழிப்பறை. தூய்மைப் பள்ளி வழிகாட்டுதலின்படி 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு. ஓர் அலகு என்றால் ஒரு கழிப்பறை, மூன்று சிறுநீர் கழிப்பிடம். 120 மாணவியர் உள்ள பள்ளிக்கு மூன்று கழிப்பறை, ஒன்பது சிறுநீர் கழிப்பிடம். பல பள்ளிகளில் மூன்று கழிப்பறை மட்டும் கட்டிவிட்டு "விதிப்படி இருக்கிறது" என்பார்கள். இடைவேளை பத்து நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் மூன்று அறையில் 30 பேர்தான் போக முடியும். மற்ற 90 பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், சிறுநீர்த் தொற்று வருகிறது. பன்னிரண்டு இடம் இருந்தால் அதே பத்து நிமிடத்தில் எல்லோரும் போய்வந்துவிடலாம். புதிய கழிப்பறைக்கு நிதி இல்லை என்றால், சிறுநீர் கழிப்பிடத் தடுப்புச் சுவர்களை மட்டும் எழுப்புவதற்கு அவ்வளவு செலவு ஆகாது. அதைக் கேளுங்கள்.

தண்ணீர். பகல் நேரப் பள்ளிக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 240 பிள்ளைகளுக்கு 10,800 லிட்டர். மேலே 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்துவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் வரும் என்று நினைக்க முடியாது. முதல் இடைவேளைக்கே தீர்ந்துவிடும். தொட்டியைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் காலை, 11 மணி, மதியம் என்று மூன்று முறை மோட்டார் ஓட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மோட்டார் அறைச் சாவி ஒரே ஒருவரிடம் இருப்பதுதான் பல இடங்களில் உண்மையான காரணம். அவர் விடுப்பு எடுத்த நாளில் பள்ளிக்கே தண்ணீர் இல்லை.

பழுதாவது எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் சின்னச் சாமான்கள்தான். உள்தாழ்ப்பாள், குழாய்த் திருகு, கதவின் கீழ்ப்பகுதி அரிப்பு, வாளி, குவளை. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை பெண்பிள்ளைகளுக்கு இல்லாத கழிப்பறைதான். மாதம் ஒரு முறை ஒரு தாயும் ஒரு மாணவியும் சேர்ந்து ஒவ்வொரு கதவையும் உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாப்கின் போட மூடியுள்ள தொட்டி ஒவ்வொரு அறையிலும் வேண்டும். இல்லாவிட்டால் அது குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு கழிப்பறையே பூட்டப்படும்.

அடுத்தது பேருந்து. பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு என்றால் முடிய 5.30, 6 ஆகிவிடும். நகரப் பேருந்து 4.45-க்குப் போயிருக்கும். மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை இருக்கிறது, பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பேருந்தே வராத நேரத்தில் இரண்டும் உதவாது. போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு கொடுக்கும்போது "பேருந்து நேரத்தை மாற்றித் தர வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். நிறுத்தம் வாரியாக எத்தனை பேர், இப்போது வரும் நேரம், கேட்கும் நேரம், தடம் எண், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று அட்டவணையாகக் கொடுங்கள். ஐந்து பேருக்காக நேரத்தை மாற்ற மாட்டார்கள். ஒரே தடத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டினால் பேச முடியும். அதுவும் நடக்கவில்லை என்றால் சிறப்பு வகுப்பைக் காலை 8.15-க்கு மாற்றுங்கள். காலைப் பேருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மானாவாரி

அக்கா, அந்த இடைவேளைக் கணக்கை இதுவரை யாரும் இப்படிப் போட்டுச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். இவற்றை மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போட வேண்டுமா, கிராம சபையிலா? குழுவில் 20 பேர்தானே?

பழைய பதிவேடு

2022-ல் மறுகட்டமைத்தபோது 20. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், தலைவர் ஒரு பெற்றோர், தலைமையாசிரியரும் குழுவில் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் பேசுகிறது. தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இதே குழு இயங்குகிறது.

இரண்டிலும் போட வேண்டும், ஆனால் வேறு வேறு காரணத்துக்கு. பள்ளிக்குள் முடியும் வேலையும் கல்வித் துறையிடம் கேட்பதும் குழுத் தீர்மானம். தண்ணீர் இணைப்பு, தெருவிளக்கு, வழித்தடச் சாலை, பள்ளி வாசலில் குப்பை, கழிவுநீர் வடிகால், பக்கத்துக் கடையில் புகையிலைப் பொருள் விற்பது எல்லாம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மே 1 சபையில் பேசினால் பள்ளி திறப்பதற்குள் வேலை நடக்க வாய்ப்பு உண்டு.

தீர்மானம் எழுதுவதில்தான் பாதி வேலை கெடுகிறது. "பள்ளிக்குக் குடிநீர் வசதி செய்துதரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. இப்படி எழுதுங்கள்: "பள்ளியில் 240 மாணவர் பயில்கின்றனர். தற்போதுள்ள ஆழ்துளைக் கிணறு மார்ச் முதல் ஜூன் வரை வற்றுகிறது. பள்ளி வாசலிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக் குழாய் செல்கிறது. அதிலிருந்து ஒரு இணைப்பை மே 31-க்குள் வழங்க ஊராட்சியைக் கோரித் தீர்மானிக்கப்படுகிறது." எண், தூரம், தேதி, யார் செய்ய வேண்டும். நான்கும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகப் பழைய தீர்மானத்தின் நிலையை வாசிக்க வேண்டும். கையெழுத்துக்கு மேல் வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். தீர்மானம் முழுவதும் எழுதி, சத்தமாக வாசித்து, பிறகுதான் கையெழுத்து.

கணக்கு நோட்டு

பணம் பற்றி யாரும் பேசவில்லை. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு பள்ளி மானியம் வருகிறது. பிள்ளைகள் 30 வரை என்றால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு என்று ஒதுக்க வேண்டும். விளையாட்டுச் சாமானுக்குத் தனியாக, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000 வரை.

எண்களைக் கவனியுங்கள். 250 பேரும் 251 பேரும் உள்ள பள்ளிகளுக்கு இடையே 25,000 ரூபாய் வித்தியாசம். பழைய பதிவேடு ஐயா சொன்ன ஜூன் மாத நடை இங்கேயும் பலன் தரும்.

எங்கே தவறுகிறது? பணம் தாமதமாக விடுவிக்கப்படும், மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் மார்ச் மாதம் அவசரத்தில் தேவையில்லாத சாமான் வாங்குகிறார்கள். தீர்வு எளிது. செப்டம்பர் கூட்டத்திலேயே தேவைப் பட்டியலை முன்னுரிமை வரிசையில் தீர்மானமாக்கி, மூன்று விலைப்புள்ளி வாங்கி வைத்துவிடுங்கள். பணம் வந்த வாரமே வாங்கிவிடலாம். என் பரிந்துரையில் வரிசை இது: தண்ணீர் மோட்டார் பழுது, கழிப்பறைக் கதவுகள், அறிவியல் ஆய்வகத்துக்கு வேதிப்பொருள், மின் இணைப்புப் பழுது, பிறகு மற்றவை. பெயின்ட் கடைசி.

வெளியிலிருந்து யாராவது கொடுக்க விரும்பினால் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற அரசின் திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கொடுப்பவர் பள்ளியையும் தேவையையும் தேர்ந்தெடுத்து இணையதளம் வழியாகச் செலுத்தலாம், ரசீதும் வருமானவரி விலக்கும் கிடைக்கும். இதற்குப் பள்ளியின் தேவைகள் அந்தத் தளத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கிளுவை வேலி

ஆசிரியர் காலியிடம் பற்றி ஒரு வரி. நிரந்தர நியமனம் வரும்வரை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் அமர்த்தலாம் என்று 2022-ல் ஆணை வந்தது. அப்போது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000, பின்பு 15,000 ஆனது. கல்வித் தகுதியில் சமரசம் வேண்டாம். குழு உறுப்பினரின் உறவினர் என்பதற்காக ஒருவரை அமர்த்தினால் அடுத்த கூட்டத்திலிருந்து குழுவே இரண்டாகிவிடும். விண்ணப்பம் வாங்கி, மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லி, பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தேர்வு செய்யுங்கள். காலியிட அறிவிப்பு வருவதற்கு முன்பே ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பி.எட். முடித்தவர்கள் யார் என்று பட்டியல் வைத்திருப்பது நல்லது.

பழைய பதிவேடு

நிலத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய வகுப்பறைக்கு ஒப்புதல் கிடைத்தும் கட்ட முடியாமல் போவதற்குக் காரணம் பல இடங்களில் நிலம் பள்ளியின் பெயரில் இல்லாததுதான். 1950-களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தபோது மக்கள் நிலம், மரம், செங்கல் எல்லாம் மனமுவந்து கொடுத்தார்கள். வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலங்கள் உண்டு. கொடுத்தவர் பெருமனதோடு கொடுத்தார், பத்திரம் எழுதவில்லை. பேரன் காலத்தில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊரின் நில விவரப் பதிவேடு) அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புலப்பட நகல் எடுத்து, நில அளவரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நடுங்கள். குடும்பத்தார் இசைந்தால் துறையின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்யலாம். புறம்போக்கு என்றால் நில மாற்றத்துக்கு வட்டாட்சியர் வழியாக முன்மொழிவு அனுப்ப வேண்டும். இதை நல்ல உறவு இருக்கும் காலத்திலேயே செய்யுங்கள். வேலிச் சண்டை வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

மானாவாரி

இதுவரை எல்லாம் ஊர் பள்ளிக்குச் செய்வது. பள்ளி ஊருக்குத் திருப்பிச் செய்யக்கூடியது எது? ஊர்க்காரர்கள் "நம்ம பள்ளி" என்று நினைக்க அதுவும் வேண்டும் அல்லவா.

குழாயடி

குடிநீர்ச் சோதனை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் படிப்பதை வைத்தே செய்யலாம், ஊர் முழுக்கப் பயன்படும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஊராட்சிகளுக்குக் களச் சோதனைப் பெட்டி கொடுத்திருக்கிறது. பல ஊராட்சிகளில் அது பிரிக்காமல் இருக்கும். முதலில் வேதிப்பொருள்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். காலாவதியானால் நிறம் தவறாகக் காட்டும்.

மாதிரி எடுக்கும் முறை முக்கியம். கைப்பம்பை இரண்டு மூன்று நிமிடம் அடித்து, குழாயில் நின்ற பழைய தண்ணீர் போன பிறகு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். இடம், தேதி, ஆழம் எழுதி ஒட்டுங்கள். குளிர்பான பாட்டில் கழுவாமல் பயன்படுத்தினால் அமிலத்தன்மைச் சோதனை தவறிப்போகும். ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. நைட்ரேட் 45. கரைந்த உப்பு 500, வேறு வழியில்லாத இடத்தில் 2,000. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் ஃபுளோரைடுதான் முதலில் பார்க்க வேண்டியது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை இருந்தால் அதுவே அடையாளம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடத்தான் செய்யும். இதை வீடுகளுக்குப் பிள்ளைகள்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை: ஜூன் கடைசியில் ஒன்று, வடகிழக்கு மழை முடிந்து ஜனவரியில் ஒன்று. முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். எல்லை தாண்டியிருந்தால் பள்ளிச் சோதனையை வைத்து முடிவெடுக்காமல், வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரு கெட்ட கைப்பம்பில் சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டால், அந்தத் தெருவுக்குப் பள்ளி எதற்கு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மைதானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு இளைஞர்களுக்குத் திறந்துவிடும் ஊரில் பள்ளிச் சொத்து பாதுகாப்பாக இருக்கிறது, பூட்டி வைக்கும் ஊரில் சுவரேறிக் குதிக்கிறார்கள். கபடிக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், கைப்பந்துக்கு 18-க்கு 9. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் பெரிய இடம் ஆகாது. விதி எழுதி வைக்க வேண்டும்: வண்டி உள்ளே வரக்கூடாது, கண்ணாடிப் பாட்டில் கூடாது, எட்டு மணிக்கு வெளியேற வேண்டும், பொறுப்புக்கு இரண்டு பெயர்.

கணக்கு நோட்டு

புயல், வெள்ள முகாமாகவும் வாக்குச்சாவடியாகவும் பள்ளிதானே இருக்கிறது. சாவி கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் மேசை, பெஞ்ச், விளக்கு, குழாய் எல்லாம் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். ஆய்வகமும் பதிவறையும் பட்டியலில் சேரக்கூடாது, அவை பூட்டியே இருக்கட்டும். முகாம் கலைந்த பிறகு தொட்டியைக் கழுவி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். பவுடர் பழையதாக, ஈரம் ஏறியதாக இருந்தால் அந்த அளவு போதாது.

தாழ்வாரம்

நிற்கும் பிள்ளைகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. ஒன்பதில்தான் முதல் முறையாகத் தோல்வி என்ற சொல் பிள்ளையின் மேல் விழுகிறது. கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு கையை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் அந்த ஆண்டில் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாளே யாராவது போக வேண்டும். பதினைந்து நாள் ஆகிவிட்டால் பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியிருக்கும். அதன்பின் திரும்புவது கடினம்.

போகிறவர் ஆசிரியராக மட்டும் இருக்க வேண்டாம். அதே தெருவில் ஒரு தாய் உடன் போனால் உண்மைக் காரணம் வரும். கடனா, கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லையா, செங்கல் சூளைக்குக் குடும்பமே கிளம்புகிறதா, திருமணப் பேச்சா. சூளைக்குப் போகும் குடும்பம் என்றால் பிள்ளையை ஆதிதிராவிடர் நல விடுதியிலோ பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியிலோ சேர்க்கலாம். வீட்டுக்கும் படிக்கும் பள்ளிக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும் என்ற கட்டுப்பாடு மாணவியருக்குக் கிடையாது. திருமணப் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். தகவல் சொன்னவர் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். படிப்பு பற்றிய பொதுச் சந்தேகத்துக்கு 14417.

ஏரிக்கரை

பத்தாம் வகுப்பில் தவறியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. மே மாதம் முடிவு வரும் நாளில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதாகை கட்டுகிறார்கள். தவறிய ஏழெட்டுப் பேர் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள், தேர்வு ஜூலைத் தொடக்கத்தில் வந்துவிடும். அதில் தேறினால் அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேரலாம், ஓராண்டு வீணாகாது.

முடிவு வந்த மறுநாளே பள்ளியில் பட்டியல் எடுத்து, மூன்று நாளுக்குள் எல்லோருக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கட்டணம் சிறியது, அதை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஜூன் முழுக்க ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ காலை இரண்டு மணி நேரம். பெரும்பாலும் தவறியிருப்பது கணக்கு, ஆங்கிலம், அறிவியல். அறிவியலில் ஒரு நுணுக்கம்: எழுத்துத் தேர்வில் 75-க்குக் குறைந்தது 20, செய்முறையில் 25-க்குக் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறையில் முழு மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளையும் எழுத்தில் 20 தொடாவிட்டால் தவறிவிடும். "இன்னும் ஐந்து மதிப்பெண்தான் வேண்டும்" என்று கணக்குக் காட்டினால் பிள்ளைக்குத் தைரியம் வருகிறது, "இருபது நாள் படி" என்று மட்டும் சொன்னால் வருவதில்லை.

மானாவாரி

இந்த ஜூனுக்கு இவ்வளவும் போதும். இன்னொன்று மட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை வந்தால் திருத்த அலைய வேண்டியிருக்கிறதே, அதற்கு முன்கூட்டியே வழி உண்டா?

பழைய பதிவேடு

உண்டு. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் தயாராகும் மாதங்களில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்செடுத்து, பெற்றோரை வரவழைத்து, பிறப்புச் சான்றோடும் ஆதாரோடும் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்ட ஒரு குழு உறுப்பினர் பக்கத்தில் இருக்கட்டும். தலைப்பெழுத்து முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்பதுதான் அதிகம் தவறும் இடம். ஆதாரில் ஒரு விதம், சான்றிதழில் ஒரு விதம் என்றால் வங்கிக் கணக்கில் உதவித்தொகை ஏறாது. 15 வயதில் ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிப்பது கட்டாயம். பிள்ளைக்கு 15 வயது ஆனதும் பள்ளியில் முகாம் கேட்டு அதையும் முடித்துவிடுங்கள். பட்டியல் இணையத்தில் ஏறிப் பூட்டப்படும் கடைசித் தேதியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு பெற்றோர் கூட்டம் வையுங்கள்.